ராணுவ அதிகாரி குத்துச்சண்டைச் சங்க நிர்வாகியானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டைப் போட்டிகளில் மேசைப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிற யாரிடமும் இந்தக் கேள்விகள் வந்து சேரும். சங்கத்தின் கடிதத் தாளில் ‘கர்னல்’ என்றோ ‘பிரிகேடியர்’ என்றோ ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்துப் பெற்றோர் ஒரு மாதிரி கேட்பார்கள், வீரர்கள் இன்னொரு மாதிரி கேட்பார்கள், ஓய்வை நெருங்கும் அதிகாரிகள் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ராணுவத்துல இருந்தவருக்கும் குத்துச்சண்டைச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் படித்து வந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் ஒரு முறையாவது ரிங்கில் ஏறி அடி வாங்கியிருப்பார்கள். புதிய கேடட்டுகளுக்கான குத்துச்சண்டை அங்கே பெரிய நிகழ்ச்சி. பிறகு படைப்பிரிவுக்குப் போனால் அங்கேயும் கம்பெனிகளுக்கு இடையே, பட்டாலியன்களுக்கு இடையே போட்டிகள். அவற்றை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் இளம் அதிகாரியின் தலையில் விழும். நிர்வாகப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தேசியப் போட்டிகளில் மாநில அணிகளோடு ‘சர்வீசஸ்’ என்று ஓர் அணியும் இறங்கும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்த அணி அது. ஆண்கள் பிரிவில் பல ஆண்டுகள் அவர்கள்தான் முதலிடம். 2001இல் புனேயில் ராணுவ விளையாட்டு நிறுவனம் வந்த பிறகு இந்தப் பிடி இன்னும் இறுகியது. அமித் பங்கால், சதீஷ் குமார், முகமது ஹுசாமுதீன் எல்லாரும் ராணுவத்துக்காரர்கள். அந்தப் பக்கத்திலிருந்து சங்கத்துக்கும் ஆள் வருவது இயல்புதானே.

நிர்வாகின்னா பயிற்சி கொடுப்பாரா? இல்ல ரெஃபரியா?

இரண்டும் இல்லை. பயிற்சியாளரின் வேலை வேறு, ரெஃபரி, ஜட்ஜ் வேலை வேறு. நிர்வாகி என்பவர் இவர்கள் எல்லாரும் வேலை பார்க்கும்படி ஏற்பாடு செய்கிறவர். மாவட்டச் சங்கங்களின் இணைப்பு, வீரர்கள் பதிவு, அணித் தேர்வு, கணக்கு, தேர்தல், அமைச்சகத்துக்கும் உலக அமைப்புக்கும் கடிதப் போக்குவரத்து, இவைதான் அவருடைய அன்றாடம். அலுப்பான பட்டியல்தான்.

போட்டி நாளில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்த்தால் புரியும். காலையில் எடை பார்க்க வேண்டும். அதற்கு முன்பு மருத்துவர் ஒவ்வொருவரையும் சோதித்து ‘சண்டையிடலாம்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறந்த தேதிச் சான்று சரியா என்று பார்க்க வேண்டும். அப்புறம் எல்லா அணியின் ஆட்களையும் வைத்துக்கொண்டு டிரா, அதாவது யாரோடு யார் மோதுவது என்ற குலுக்கல். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு ரெஃபரி, ஐந்து ஜட்ஜ்கள். மோதுகிற இருவரின் ஊர்க்காரர்களாக அவர்கள் இருக்கக் கூடாது. ரிங் கயிறு தளர்ந்திருக்கிறதா, மூலை மெத்தைகள் சரியாகக் கட்டியிருக்கிறதா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறதா, அதில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் அடுத்தது வரும்வரை போட்டியை நிறுத்தி வைக்க வேண்டும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள், சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அப்போதும் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு நிற்கத் தெரிந்தவர்தான் நல்ல நிர்வாகி. இந்த ஒரு இடத்தில் ராணுவ அனுபவம் அப்பட்டமாகக் கை கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஹவா சிங், கவுர் சிங் எல்லாம் ராணுவ அதிகாரிங்கதானே? அவங்க வழியில வர்றவங்கதானே இவங்க?

அவர்கள் ராணுவத்தினர். ஆனால் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக வந்தவர்கள். ஹவா சிங் 1966, 1970 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். பின்னாளில் ஹரியானாவின் பிவானியில் பயிற்சியாளராக ஒரு தலைமுறையையே உருவாக்கினார். கவுர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். 1980இல் முகமது அலியோடு டெல்லியில் கண்காட்சிச் சண்டையும் போட்டவர். 1962 ஜகார்த்தாவில் தங்கம் வென்ற பதம் பகதூர் மல் கூர்க்கா வீரர்.

இப்படிப்பட்டவர்களில் சிலரின் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று பார்த்திருப்பீர்கள். நீண்ட சேவைக்காக சுபேதார் நிலையில் இருப்பவர்களுக்குக் குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டித் தருகிற கௌரவப் பதவி அது. நான் இங்கே பேசுவது அகாடமி வழியாக நேரடியாக அதிகாரியானவர்கள் பற்றி. ரிங்கில் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வகை, சங்க மேசையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த இடைவெளி எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷம் ரிங்கில் வாழ்ந்த ஒரு சுபேதாருக்குத் தெரிந்த அளவு குத்துச்சண்டை எத்தனை கர்னல்களுக்குத் தெரியும்?

வெளிநாட்டுலயும் இப்படி உண்டா, இல்ல நம்ம ஊரு பழக்கமா?

உலக அமைப்பே இப்படித்தான் நடந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1946இல் லண்டனில் அமெச்சூர் குத்துச்சண்டைக்கான சர்வதேசச் சங்கம் தொடங்கியது. பிரான்ஸைச் சேர்ந்த எமில் க்ரெமோ முதல் தலைவர். அவருக்குப் பிறகு 1962 முதல் 1974 வரை தலைவராக இருந்தவர் பிரிட்டனின் லெப்டினன்ட் கர்னல் ரட்யார்ட் ரசல். அவர் விலகிய அதே ஆண்டில்தான் முதல் உலகச் சாம்பியன்ஷிப் ஹவானாவில் நடந்தது. அதுவரை குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக்தான் உலகப் போட்டி.

நடுவே வேறொருவர் இருந்துவிட்டுப் போக, 1978 முதல் 1986 வரை அமெரிக்கரான கர்னல் டான் ஹல். இவர் காலம்தான் வேடிக்கையானது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. உலகக் குத்துச்சண்டைக்குத் தலைவரோ ஓர் அமெரிக்க ராணுவக்காரர். 1984 லாஸ் ஏஞ்சலஸை சோவியத் யூனியனும் கியூபாவும் புறக்கணித்தன; அமெச்சூர் குத்துச்சண்டையின் இரண்டு பெரிய பள்ளிகள் வராத ஒலிம்பிக் அது. ஆடவர் தலைக்கவசம் ஒலிம்பிக்குக்கு வந்ததும் அந்த 1984இல்தான். 2013இல் ஆடவருக்கு அதை எடுத்துவிட்டார்கள். பெண்கள் இன்னும் அணிகிறார்கள்.

தலைவர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டுக்குத்தானே தீர்ப்பு போகும்?

போகும் என்று நினைப்பதில் தப்பில்லை, இந்த விளையாட்டின் வரலாறு அப்படி. ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ், லைட் ஹெவிவெயிட் அரையிறுதி. அமெரிக்காவின் இவாண்டர் ஹோலிஃபீல்ட் நியூசிலாந்தின் கெவின் பேரியை வீழ்த்தினார். ரெஃபரி ‘பிரேக்’ (விலகுங்கள்) சொன்ன பிறகு அடித்தார் என்று ஹோலிஃபீல்டையே தகுதிநீக்கம் செய்தார்கள். ரெஃபரி யூகோஸ்லாவியர், இறுதிச் சண்டையில் காத்திருந்தவரும் யூகோஸ்லாவியர். அமெரிக்கா முறையிட்டது, எடுபடவில்லை. சொந்த மண், உலகத் தலைவர் சொந்த நாட்டுக் கர்னல், அப்படியும் ஹோலிஃபீல்டுக்கு வெண்கலம்தான்.

அதோடு முடியவில்லை. தலையில் அடிபட்டு விழுந்தவர் 28 நாள் சண்டையிடக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் ‘ஜெயித்த’ பேரியும் இறுதிச் சண்டையில் இறங்க முடியாமல் போனது. யூகோஸ்லாவியாவின் அன்டன் யோசிபோவிச்சுக்குச் சண்டையே இல்லாமல் தங்கம் கிடைத்தது. முதல் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். பேரியை உட்கார வைத்த மருத்துவ விதியைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை, இருக்கவும் கூடாது.

அப்போ ஜட்ஜ் தப்பா புள்ளி போட்டா கர்னல் சார் மாத்திடலாமா?

கூடாது. சண்டையின் முடிவு ரெஃபரி, ஜட்ஜ்களுடையது. முறையீடு இருந்தால் விதிப்புத்தகம் சொல்லும் வழியில், அதற்கென்று உள்ளவர்களிடம்தான் போக வேண்டும். சங்கச் செயலாளர் ரிங் அருகே வந்து ஜட்ஜிடம் குனிந்து பேசினால், அவர் என்ன பேசினார் என்பது முக்கியமே இல்லை, அதுவே தவறு.

நிர்வாகத்தின் உண்மையான அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது: எந்தச் சண்டைக்கு யார் ஜட்ஜ் என்று முடிவு செய்வதில். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் தெளிவாக முன்னிலையில் இருந்த அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தோற்றதாக அறிவித்த கூத்துக்குப் பிறகு, 1992 பார்சிலோனாவில் ஜட்ஜ்கள் பொத்தான் அழுத்தும் கணினி முறை வந்தது. 2013இல் அதையும் விட்டுவிட்டுச் சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறைக்குப் போனார்கள். ஆனாலும் 2016 ரியோவில் மறுபடி நாற்றம். அதை விசாரித்த ரிச்சர்ட் மெக்லாரனின் 2021 அறிக்கை, ஜட்ஜ்களை நியமிக்கிற முறையைத்தான் முக்கியமாகக் குற்றம் சொன்னது. புள்ளி முறையை எத்தனை தடவை மாற்றினாலும் நியமனம் கோணலாக இருந்தால் பயன் இல்லை. ஒரு முன்னாள் அதிகாரி இதில் கை வைக்காமல், வெளிப்படையாகக் குலுக்கல் முறைக்கு விட்டாரானால் அதுவே பெரிய சேவை.

இந்தியச் சங்கத்துல பெரிய பொறுப்புல ராணுவ அதிகாரி யாராவது இருந்திருக்காங்களா?

இருந்திருக்கிறார்கள். விஜேந்தர் சிங் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்று இந்தியக் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தபோது, இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் பிரிகேடியர் பி.கே.முரளிதரன் ராஜா. பிறகு வந்த இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பில் கர்னல் அருண் மாலிக் செயல் இயக்குநராக இருந்தார்.

இந்த இரண்டு பதவிகளும் ஒன்றல்ல. பொதுச்செயலாளர் வாக்கு வாங்கி வருகிறவர்; மாநிலச் சங்கங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். செயல் இயக்குநர் நியமிக்கப்படுகிறவர். பொறுப்பாளர்கள் சொல்வதை நடத்திக் கொடுப்பவர். ராணுவத்திலிருந்து வருகிறவருக்கு இரண்டாவது எளிதாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஏன் என்று கீழே ‘கட்டளை’ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பணியில இருக்கும்போதே சங்கப் பதவிக்கு நிக்கலாமா?

மேலிட அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி கிடைத்தாலும் நடைமுறையில் சிக்கல்: இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றல். இங்கே செயலாளராக இருப்பவர் அடுத்த மாதம் எல்லையில் இருப்பார். சங்கத்தின் காசோலைக்கு யார் கையெழுத்துப் போடுவது? பணியில் இருப்பவர்கள் சர்வீசஸ் அணியின் மேலாளராகவோ போட்டி அலுவலராகவோ வேலை செய்வதுதான் சரிப்படும்.

ஓய்வுக்கு அப்புறம்னா வயசாகிடுமே?

ராணுவத்தில் அப்படி இல்லை. வழக்கமான பிரிவுகளில் கர்னல் 54 வயதிலும் பிரிகேடியர் 56இலும் மேஜர் ஜெனரல் 58இலும் ஓய்வு பெறுகிறார்கள். குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர்கள் 10 அல்லது 14 ஆண்டிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். தேசிய விளையாட்டு நெறிமுறை 2011 சங்கப் பொறுப்பாளர்களுக்கு 70 வயது வரம்பு வைத்தது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்பந்தப்பட்ட உலக அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை விடுகிறது. ஆக, ஒரு கர்னலுக்கு ஓய்வூதியமும் இருக்கிறது, பதினைந்து ஆண்டுக்கு மேல் நேரமும் இருக்கிறது. சங்கங்களில் இவர்கள் அதிகம் தென்படுவதற்கு விளையாட்டுப் பற்றைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

சம்பளம் உண்டா?

தேர்வாகி வரும் பதவிகள் கௌரவப் பதவிகள். பயணப்படி, தங்கும் செலவு கிடைக்கும். நியமனப் பதவிக்குச் சம்பளம் உண்டு. மாவட்ட அளவில் பல நேரம் கைக்காசுதான் போகும்.

கட்டளை போட்டுப் பழகினவர் சங்கத்தை நடத்திடுவாரா?

பாதியை நடத்துவார். நேரம், வரிசை, ஆவணம், பொருள் கணக்கு, பொறுப்புப் பிரிப்பு, இவற்றில் ராணுவத்திலிருந்து வந்தவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எட்டு மணிக்கு எடை என்றால் எட்டு மணிக்குத் தராசு இருக்கும். வீரர்களுக்குச் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தான் சாப்பிடுவார். இது சின்ன விஷயம் இல்லை. நம் போட்டிகளில் பாதிக் குழப்பம் இங்கேதான்.

மற்ற பாதிதான் பிரச்சினை. சங்கம் என்பது வாக்குகளால் ஆனது. மாவட்டச் செயலாளர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல, உங்களைத் தேர்ந்தெடுத்தவர். அவரிடம் ‘செய்’ என்றால் செய்ய மாட்டார். டீ வாங்கிக் கொடுத்து, காரணம் சொல்லி, அவருடைய மனக்குறையையும் கேட்டு, அப்புறம்தான் வேலை நடக்கும். படையில் எதிர்த்துப் பேசுவது ஒழுங்கீனம், பொதுக்குழுவில் அது உரிமை. இதை ஜீரணிக்க முடியாமல் முதல் ஆண்டிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பதவி விறைப்பைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

இன்னொன்று. ராணுவத்தில் தணிக்கையும் விசாரணையும் மேலிருந்து வரும். சங்கத்தில் கீழிருந்து வர வேண்டும். கணக்கைக் கேட்கிற உறுப்பினரைப் பார்த்து ‘என் நேர்மையைச் சந்தேகிக்கிறாயா?’ என்று கோபப்படுகிற நேர்மையான அதிகாரியால் சங்கத்துக்கு நன்மை குறைவுதான்.

சர்வீசஸ் பையன்களுக்குச் சாதகமா நடந்துக்க மாட்டாரா?

சந்தேகம் நியாயமானது. முதல் பதிலில் சொன்னபடி சர்வீசஸ் அணியே வலுவானது. அதனால் அவர்கள் ஜெயிப்பதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பார்க்க வேண்டியது தேர்வு முறையை. தேர்வுக்கான அளவுகோலைப் போட்டிக்கு முன்பே எழுத்தில் வெளியிட்டார்களா? சோதனைச் சண்டையா, மதிப்பெண்ணா என்று அதில் தெளிவாகச் சொன்னார்களா? முன்னாள் அதிகாரி தன் பழைய படைப்பிரிவு வீரர் சம்பந்தப்பட்ட தேர்விலிருந்து விலகி உட்கார்ந்தாரா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் விட்டுவிடுங்கள்.

2012இல் இந்தியச் சங்கத்தை ஏன் தடை செஞ்சாங்க? வீரர்களுக்கு என்ன ஆச்சு?

தேர்தல் முறை பற்றிய சந்தேகத்தால் உலக அமைப்பு 2012 டிசம்பரில் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது, 2014இல் உறுப்பினர் நிலையையே ரத்து செய்தது. அந்த ஆண்டே ‘பாக்ஸிங் இந்தியா’ என்று புதிய அமைப்பு வந்தது. உள்சண்டையில் அதுவும் அடுத்த ஆண்டு கவிழ்ந்தது. இடைக்காலக் குழு ஓட்டியது. 2016 செப்டம்பரில்தான் இப்போதைய இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தேர்தலோடு வந்தது.

இதற்கு நடுவே 2013இல் அல்மாட்டி உலகச் சாம்பியன்ஷிப்பில் நம் வீரர்கள் தேசியக்கொடி இல்லாமல், உலக அமைப்பின் கொடியின் கீழ் இறங்கினார்கள். தேர்தல் விதியை யார் எப்படித் திருத்தினார்கள் என்ற சண்டைக்கு விலை கொடுத்தவன் காலை ஐந்து மணிக்கு ஓடிக்கொண்டிருந்த பையன். நிர்வாகி என்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வது.

இப்போ உலகச் சங்கம் ஒன்னா ரெண்டா? எந்தச் சான்றிதழ் செல்லும்?

இரண்டு இருக்கின்றன. மேலே சொன்ன 1946 அமைப்பின் அங்கீகாரத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019இல் நிறுத்தி வைத்து, 2023 ஜூனில் விலக்கியே விட்டது. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் குத்துச்சண்டையை ஒலிம்பிக் கமிட்டி அமைத்த தனிக் குழுக்களே நடத்தின. 2023இல் ‘வேர்ல்ட் பாக்ஸிங்’ என்ற புதிய அமைப்பு தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அதற்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது, மார்ச்சில் 2028 லாஸ் ஏஞ்சலஸில் குத்துச்சண்டை உறுதியானது. இந்தியா 2024இலேயே புதிய அமைப்பில் சேர்ந்துவிட்டது. எனவே ஒலிம்பிக் கனவு இருப்பவர்கள் வேர்ல்ட் பாக்ஸிங் – இந்தியக் கூட்டமைப்பு – மாநிலச் சங்கம் – மாவட்டச் சங்கம் என்ற சங்கிலியில் இருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வடசென்னைப் பரம்பரைக் குத்துச்சண்டையும் இதுவும் ஒன்னுதானா?

கையுறையும் ரிங்கும் ஒன்று, ஏற்பாடு வேறு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதியது டிக்கெட் போட்டு நடத்திய சண்டைகளில். பெயரும் மானமும் வாத்தியாருக்குச் சேரும். அமெச்சூர் ஏற்பாட்டில் மூன்று நிமிடச் சுற்று மூன்று, வயது, எடைப் பிரிவு, சங்கம் வழியே மட்டுமே நுழைவு. 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற சென்னையின் வி.தேவராஜன் இந்த இரண்டாவது பாதையில் போனவர்.

பெண்களுக்கு ராணுவம் வழி இதுல இடம் உண்டா?

வீராங்கனையாக உண்டு. ஜாஸ்மின் லம்போரியா ராணுவத்தில் ஹவில்தாராகச் சேர்ந்தவர். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 57 கிலோ தங்கம் வென்றார். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண் கேடட்டுகள் 2022 முதல்தான் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது சங்க மேசைக்கு வர இன்னும் காலம் ஆகும். ஆனால் குறுகிய காலப் பணி முடித்த பெண் அதிகாரிகள் இப்போதே நிறையப் பேர் வெளியே இருக்கிறார்கள், அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

நான் ஓய்வு பெறப் போறேன். எங்கே தொடங்கட்டும்?

மாநிலத் தலைவர் நாற்காலியில் தொடங்காதீர்கள். மாவட்டச் சங்கத்தில் உறுப்பினராகி இரண்டு போட்டி சீசன் எடை மேசையிலும் டிரா மேசையிலும் உட்காருங்கள். ரெஃபரி–ஜட்ஜ் தேர்வு எழுதுங்கள். தேறி ரிங்குக்குப் போகாவிட்டாலும் விதி தெரியும். சங்கத்தின் துணைவிதியை வரி வரியாகப் படியுங்கள், குறிப்பாக வாக்குரிமை பற்றிய பகுதியை. ஓய்வு பெற்ற சுபேதார், ஹவில்தார் பயிற்சியாளர்கள் உங்கள் மாவட்டத்தில் இருப்பார்கள். அவர்களைக் குழுவில் சமமான உறுப்பினர்களாகச் சேருங்கள். ‘சார், சார்’ என்று அவர்கள் எழுந்து நிற்பதை முதல் கூட்டத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

சங்கத்துல ஒரு கர்னல் இருக்கார்னு நம்பி என் பையனை அனுப்பலாமா?

கர்னல் இருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். போட்டி நடக்கும்போது ஒரு முறை போய்ப் பாருங்கள். சண்டைக்கு முன் மருத்துவர் உண்மையில் தொட்டுச் சோதிக்கிறாரா, இல்லை கையெழுத்து மட்டுமா? 13 வயதுப் பையனை 15 வயதுக்காரனோடு ‘ஆள் இல்லை’ என்று மோதவிடுகிறார்களா? தலையில் அடிபட்டு நிறுத்தப்பட்டவனுக்குக் குறைந்தது 30 நாள் ஓய்வு என்று அவன் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறார்களா? அடுத்த வாரமே வேறொரு போட்டியில் அவன் ரிங்கில் நின்றால், தலைவர் யாராக இருந்தாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பதிவுப் புத்தகம் வீரனுடையது, பெற்றோர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.